கூரையா, மரமா, பந்தலா: கோடைக்கு எங்கள் தெரு எதில் பணம் போடலாம்?

போன வருஷம் வைகாசியில் ஒரு மதியம், மதுரை செல்லூரில் எங்கள் சந்தின் கடைசி லைன் வீட்டில் தனியாக இருந்த பெரியம்மா கதவைத் திறக்கவில்லை. மாவு கொடுக்கப் போன பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுச் சத்தம் போட, நாலைந்து பேர் ஓடினோம். பாயில் படுத்திருந்தார். கண் திறந்திருந்தது, ஆள் அடையாளம் தெரியவில்லை. உடம்பு கொதித்தது, ஒரு சொட்டு வேர்வை இல்லை. எட்டிப் பிடிக்கிற உயரத்தில் சிமெண்ட் சீட். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சீட்டுக்கு அடியில் தேங்கிய அனலைத்தான் அது அவர்மேல் இறக்கிக்கொண்டிருந்தது. வாசலுக்குத் தூக்கி வந்து ஈரத்துணி போர்த்தி, முக்குக் கடையில் ஜிகர்தண்டாவுக்கு வைத்திருந்த ஐஸை வாங்கி அக்குளிலும் கழுத்திலும் வைத்தோம். 108 வந்தது. பிழைத்துக்கொண்டார்.

அன்று வெளியே 39 டிகிரிதான். எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

இந்தக் கோடைக்கு எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் 2,20,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. சந்தா, ஊர் விட்டுப் போனவர்கள் அனுப்பியது, ஒரு துண்டு வியாபாரி கொடுத்தது எல்லாம் சேர்த்து. தை மாதக் கூட்டத்தில் ஐந்தாறு யோசனைகள் வந்தன. முக்கில் பச்சை வலைப் பந்தல், சமுதாயக்கூடத்தில் ஏசி, மரக்கன்று, சீட் வீடுகளுக்கு வெள்ளைப் பெயிண்ட், நீர்மோர்ப் பந்தல், வயதானவர்களைப் போய்ப் பார்த்து வர ஓர் ஏற்பாடு. எல்லாமே நல்ல யோசனைதான், எல்லாவற்றுக்கும் பணம் பத்தாது. விசாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. விசாரித்ததை எழுதி வைக்கிறேன், வேறு தெருக்காரர்களுக்கும் பயன்படலாம்.

முதலில் என்னையே கேட்டுக்கொண்டது இது: வெயில் ஆளை எங்கே வைத்து அடிக்கிறது? உச்சி வெயிலில் ரோட்டில் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். கட்டட வேலை செய்கிறவருக்கும் கீழமாசி வீதியில் மூட்டை தூக்குகிறவருக்கும் அது உண்மைதான். ஆனால் பெரிய சாவுகள் நடந்த ஊர்களைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. அமெரிக்காவில் சிகாகோ நகரில் 1995 ஜூலையில் சில நாட்களுக்குள் 700 பேருக்கு மேல் இறந்தார்கள். பிரான்சில் 2003 ஆகஸ்டில் ஏறத்தாழ 15,000 பேர். இதில் மிகப் பெரும்பாலானவர்கள் முதியோர், பலர் வீட்டுக்குள், தனியாக இருந்தவர்கள். பிரான்சில் பிறகு ஆராய்ந்தபோது, கூரைக்கு நேர் கீழே மேல்மாடி அறையில் படுத்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்ததும் தெரிந்தது. எங்கள் பெரியம்மாவின் அறைக்கும் அந்த அறைக்கும் வித்தியாசம் கூரைப் பொருள் ஒன்றுதான்.

நம் நாட்டில் அகமதாபாத். 2010 மே 21 அன்று அங்கே 46.8 டிகிரி. அந்த மாதம் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாகப் பின்னால் கணக்கிட்டார்கள். அதற்குப் பிறகுதான் 2013ல் அந்த மாநகராட்சி வெயிலுக்கென்றே தனிச் செயல்திட்டம் போட்டது. தெற்காசியாவில் ஒரு நகரம் அப்படிச் செய்தது அதுவே முதல் முறை.

மதுரைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சமவெளியில் வெப்ப அலை என்று வானிலைத் துறை அறிவிக்க வேண்டுமானால் 40 டிகிரியைத் தொட வேண்டும், அதோடு அந்த ஊரின் இயல்பைவிட 4.5 டிகிரி கூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் நேராக 45ஐத் தொட வேண்டும். நமக்குக் கோடையில் இயல்பே 38ஐ ஒட்டி நிற்கிறது. அப்படியென்றால் 42 வந்தால்கூட அது 'வெப்ப அலை' ஆகாமல் போகலாம். அறிவிப்பு வரட்டும் என்று காத்திருக்கும் எந்த ஏற்பாடும் எங்கள் தெருவுக்கு உதவாது. இதை முடிவு செய்த பிறகு மற்றதெல்லாம் கொஞ்சம் தெளிவாகிவிட்டது.

போன மே மாதம் சிறிய டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கி, பன்னிரண்டாவது படிக்கும் பையன் ஒருவனிடம் கொடுத்து, ஒரு வாரம் எழுதச் சொன்னோம். மதியம் 3 மணிக்கு வேப்ப மர நிழலில் 39 இருந்தபோது சீட் வீட்டுக்குள் 42. அதைவிட என்னைத் தூங்க விடாதது இரவுக் கணக்கு. 10 மணிக்குத் தெருவில் 32, அதே சீட் வீட்டுக்குள் 35. சீட் சீக்கிரம் ஆறிவிடும், ஆனால் நாள் முழுக்கச் சூடேறிய செங்கல் சுவரும் சிமெண்ட் தரையும் ஆறுவதில்லை. காற்று வர ஒரே ஒரு ஜன்னல், அதுவும் சாக்கடைப் பக்கம். பகலில் பட்ட சூட்டை உடம்பு இறக்கி வைப்பது ராத்திரித் தூக்கத்தில்தான். அதற்கும் வழியில்லாமல் மூன்று நான்கு ராத்திரி தொடர்ந்தால் வயதான இருதயம் தாங்காது. வசதியுள்ளவர்கள் மொட்டை மாடியில் பாய் விரிக்கிறார்கள். லைன் வீட்டுக்கு ஏது மொட்டை மாடி?

இனி ஒவ்வொன்றாக.

பச்சை வலைப் பந்தலுக்குக் கூட்டத்தில் அதிகக் கை உயர்ந்தது. சிக்னல்களில் மாநகராட்சிகள் போடுவதைப் பார்த்துப் பழகியிருக்கிறோம். எங்கள் முக்கில் 40 அடிக்கு 30 அடி போட இரும்புக் கம்பத்தோடு 48,000 கேட்டார்கள். வண்டியில் ஒரு நிமிடம் நிற்கிறவருக்கு அது ஆறுதல், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் முக்கு சிக்னல் அல்ல, அங்கே யாரும் நிற்பதில்லை. ஆடிக் காற்றுக்கு வலை கிழிந்து தொங்கும். அதே வலையை 2,000 ரூபாய்க்குள் வாங்கி, காலை 9 முதல் வெயிலில் உட்கார்ந்து விற்கும் காய்கறிக்கார அக்காக்கள் நாலு பேருக்கு மூங்கிலில் கட்டிக் கொடுத்தால் எட்டு மணி நேர நிழல். அதைச் செய்வோம். பெரிய பந்தல் வேண்டாம்.

நீர்மோர்ப் பந்தலைப் பற்றி மதுரைக்காரர்களுக்கு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தோல்பையில் தண்ணீர் பீய்ச்சி, தெருவுக்குத் தெரு பானகமும் மோரும் கொடுக்கும் ஊர் இது. சித்ரா பௌர்ணமிக் கூட்டத்தை வெயிலிலிருந்து காப்பாற்றும் பழைய ஏற்பாடு அது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. செலவு சிறியது, மண்பானையும் மோரும் வீட்டுக்கு வீடு முறைவைத்துப் பார்த்துக்கொள்ளலாம். சங்கப் பணத்தைத் தொட வேண்டாம். ஒன்று மட்டும்: மோரில் உப்பு இருக்கட்டும். வேர்வையில் போவது தண்ணீர் மட்டுமல்ல.

சமுதாயக்கூடத்தில் இரண்டு ஏசி வைப்பது அடுத்த யோசனை. வெளிநாடுகளில் பல நகரங்களில் குளிர்மையங்கள் உண்டு, சென்னையில்கூட 2025ல் உணவு டெலிவரி செய்கிறவர்களுக்கு ஏசி ஓய்வறை திறந்தார்கள். ரோட்டில் ஓடிக்கொண்டே இருக்கிறவர்களுக்கு அது மிகப் பொருத்தம். எங்கள் கணக்கு வேறு. ஏசி, ஒயரிங், ஸ்டெபிலைசர் எல்லாம் சேர்த்து 1,10,000. ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் இழுக்கும். இரண்டும் நாள் முழுக்க ஓடினால் மாதா மாதம் பில்லுக்கே வசூல் பண்ண வேண்டும். அதையும் சமாளிக்கலாம். ஆனால் உண்மையாக வேண்டியவர் வருவாரா? முழங்கால் வலியோடு, ஒற்றைச் சேலை மாற்றுக்கு இல்லாத கூச்சத்தோடு, "அங்கெல்லாம் போயி உக்காந்தா என்ன நினைப்பாங்க" என்று சொல்லும் ஒருவர் 300 அடி வெயிலில் நடந்து சமுதாயக்கூடத்துக்கு வருவார் என்று எனக்கு நம்பிக்கையில்லை. பெரியம்மாவிடம் கேட்டேன். "எனக்கு என் வீட்டுலயே படுக்க முடிஞ்சாப் போதும்ப்பா" என்றார்.

வீட்டுக்கு வீடு ஏசி என்பதையும் ஒருவர் சொன்னார். முடிந்தவர்கள் வைத்துக்கொள்ளட்டும், நோயாளி இருக்கிற வீட்டில் அது உயிர் காக்கும். ஆனால் ஏசி சூட்டை அழிப்பதில்லை, உள்ளேயிருந்து எடுத்து வெளியே தள்ளுகிறது. பன்னிரண்டடிச் சந்தில் பத்து வீட்டு ஏசியின் பின்பக்கம் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரத்தை ஆராய்ந்தவர்கள், ஏசி வெளியே தள்ளும் சூடு இரவு வெப்பத்தை ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றிவிடலாம் என்று கண்டார்கள். ஏசி இல்லாதவர் அந்த டிகிரியையும் சேர்த்துச் சுமக்கிறார். ஏர் கூலர் சித்திரை மாத வறண்ட மதியத்தில் நன்றாக வேலை செய்யும், ஜன்னல் திறந்திருந்தால். ஒற்றை ஜன்னல் அறையில் ஒரு மணி நேரத்தில் புழுக்கமே மிஞ்சும்.

மரம். இதில்தான் எனக்கு மனசு அதிகம் இழுத்தது. கடம்பவனம் என்று பெயர் வாங்கிய ஊர், தல்லாகுளம் பீபிகுளம் என்று பேட்டைப் பெயரிலேயே தண்ணீரைச் சுமக்கும் ஊர், இன்று நான்கு வழிச்சாலையில் ஒதுங்க நிழலில்லாமல் நிற்கிறது. மரம் இரண்டு விதமாகக் குளிர வைக்கிறது: நிழலாக ஒன்று, இலை வழியே ஆவியாகும் நீரால் மற்றொன்று. கொலம்பியாவில் மெடெயின் என்ற நகரம் 2016 முதல் சாலையோரமும் ஓடைக்கரையுமாக 30 பசுமைப் பாதைகள் வளர்த்தது. அந்தப் பகுதிகளில் ஏறக்குறைய 2 டிகிரி குறைந்ததாகச் சொல்கிறார்கள். புங்க மரத்தடியில் ஐந்து நிமிடம் நின்றவருக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்கத் தேவையில்லை.

ஆனாலும் இந்தக் கோடைக்கு மரம் விடையல்ல. கன்று நிழல் தர நாலைந்து வருஷம். பங்குனியில் நட்டால் பாதி காய்ந்துவிடும், நட வேண்டிய காலம் ஐப்பசி மழை. சந்துக்குள் குழி தோண்டினால் ஒரு பக்கம் குடிநீர்க் குழாய், மறு பக்கம் பாதாளச் சாக்கடை, மேலே கரண்ட் கம்பி. கம்பிக்குக் கீழே வைத்த மரத்தை வருஷா வருஷம் மொட்டையடிப்பதைப் பார்க்கிற வேதனை எனக்கு வேண்டாம். எங்களுக்குச் சரியான இடம் மூன்று: கண்மாய்க்கரை, பள்ளிக்கூடச் சுவர் ஓரம், லைன் வீடுகளின் மேற்குப் பக்கக் காலி இடம். மேற்குச் சுவருக்கு நிழல் விழுந்தால் சாயங்கால வெயில் சுவருக்குள் ஏறாது, அந்த நிழல் ராத்திரியில் வேலை செய்கிறது. புங்கை, பூவரசு, வேம்பு என்று பன்னிரண்டு கன்றுக்குக் கூண்டோடு 18,000. மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆளுக்கு 12,000 தனியாக ஒதுக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். கன்று நடும் அன்று எல்லோரும் வருகிறார்கள். சித்திரையில் குடத்தோடு வருகிறவர் யார் என்பதுதான் கேள்வி.

கூரைக்கு வருகிறேன்.

பழைய சாம்பல் நிறச் சீட் தன்மேல் விழும் வெயிலில் முக்கால் பங்கை விழுங்கிக்கொள்ளும். புதிதாக வெள்ளையடித்த கூரை முக்கால் பங்குக்கு மேல் வானத்துக்கே திருப்பிவிடும். விஷயம் இவ்வளவுதான். அகமதாபாத்தில் 2017 முதல் ஏழைக் குடியிருப்புகளின் கூரைகளுக்கு வெள்ளையடிக்கிறார்கள். வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை குறைவதாக அங்கே சொல்கிறார்கள். தெலங்கானா 2023ல் இதற்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது. நமக்கும் புதிதல்ல, தை பிறக்கும் முன் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தவர்கள் நம் தாத்தாக்கள். தட்டோடு பதித்ததும் அதற்குத்தான்.

சரிபார்க்காமல் பணம் போட வேண்டாம் என்று, மாசி முதல் வாரம் இரண்டு வீடுகளில் மட்டும் அடித்துப் பார்த்தோம். சீட்டில் நேராகக் கால் வைத்தால் உடைந்துவிடும், அதனால் பலகை போட்டு, ஆணி அடித்த வரிசைமேலேயே நகர்ந்து அடித்தார் பெயிண்டர். ஒரு முக்கியமான விஷயம்: பழைய சிமெண்ட் சீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் நார் இருக்கும். அதைக் கம்பி பிரஷ் போட்டுக் காய்ந்தபடி தேய்த்தால் அந்த நார் தூசியாகப் பறந்து நுரையீரலுக்குள் போகும், பல வருஷம் கழித்துப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். தண்ணீர் நன்றாகத் தெளித்து ஊறவிட்டு, மென்மையான துடைப்பத்தால் கழுவ வேண்டும், அவ்வளவுதான். பாசி முழுக்கப் போகாவிட்டாலும் பரவாயில்லை. பெயிண்டருக்கு மாஸ்க், குழந்தைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது.

இரண்டு கோட்டு காய்ந்த மறுநாள் மதியம் சீட்டின் அடிப்பக்கத்தைக் கையால் தொட்டேன். கையை எடுக்கத் தோன்றவில்லை. பக்கத்து வீட்டுச் சீட்டில் மூன்று விநாடி வைக்க முடியவில்லை. தெர்மாமீட்டர் காட்டிய வித்தியாசம் 3 டிகிரி. வெள்ளையடித்த வீட்டில் கைத்தறி போட்டிருக்கும் அண்ணன், நூல் அறுந்துபோகும் என்று பகலில் ஃபேனே போட மாட்டார், பனியனை முறுக்கிப் பிழிந்துவிட்டு மறுபடி உட்காருவார். "சாயங்காலம் தலைவலி வரலப்பா" என்றார். எனக்கு அந்த 3 டிகிரியைவிட அது போதும்.

கீற்று போடலாமே என்று பெரியவர்கள் சொன்னார்கள். சீட்டுக்கு மேல் தென்னங்கீற்று பரப்பினால் வெள்ளையைவிட நன்றாகவே குளிரும், ஏனென்றால் வெயில் சீட்டைத் தொடுவதே இல்லை. ஆனால் வருஷா வருஷம் மாற்ற வேண்டும், எலியும் பூரானும் வரும், ஒட்டி ஒட்டி இருக்கிற முப்பத்தெட்டு வீட்டில் தீபாவளிக்கு ஒரு பொறி விழுந்தால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உள்ளே தெர்மக்கோல் சீலிங் அடிப்பதற்கும் அதே பயம்தான். தனி வீடு, சுற்றி இடம் உள்ளவர்கள் கீற்று போடுங்கள். எங்களுக்கு வெள்ளைதான்.

விலை. கூரைக்கென்றே வரும் வெள்ளைப் பெயிண்ட் கூலியோடு சதுர அடிக்கு 20 ரூபாய் சொன்னார்கள். ஒரு வீட்டுச் சீட் 150 சதுர அடி, ஆக 3,000. முப்பத்தெட்டு வீட்டுக்கு 1,14,000. மூன்று நான்கு வருஷம் தாங்கும், பங்குனியில் ஒருமுறை தூசியைக் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளை மங்கி பலன் குறையும். தளம் போட்ட வீடுகளின் மொட்டை மாடிக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பில் ஃபெவிகால் கலந்து அவரவரே அடித்துக்கொள்ளலாம், சதுர அடிக்கு ஐந்து ரூபாய்க்குள் முடியும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். தார் ரோட்டுக்கும் வெள்ளையடிக்கலாமே என்று ஓர் இளைஞர் கேட்டார். ஃபீனிக்ஸில் அதுபோல ரோட்டுக்கு வெளிர்நிறப் பூச்சு அடித்துப் பார்த்தார்கள். ரோடு குளிர்ந்தது, திருப்பியடித்த வெயில் மதியத்தில் நடக்கிறவர்மேல் கூடுதலாக விழுந்தது. கூரைமேல் யாரும் நடப்பதில்லை என்பதால் அங்கே அந்தக் குறை இல்லை.

கூரையில் பெயிண்ட் அடிப்பதைவிடக் கடினமானது வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைப்பது. லைன் வீட்டில் இருப்பவர் வாடகைக்கு இருக்கிறார், சீட் வீட்டுக்காரருடையது. நாங்கள் பணம் போட்டுக் குளிர வைத்த வீட்டுக்கு அடுத்த மாதமே 300 ரூபாய் வாடகை ஏறினால், பெரியம்மா இன்னும் சூடான ஒரு வீட்டுக்குப் போவார். அதனால் இரண்டு வருஷத்துக்கு இதைக் காரணம் காட்டி வாடகை ஏற்றுவதில்லை என்று கையெழுத்து வாங்கிய பிறகே பெயிண்ட். கூட்டத்தில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. நான் விட்டுக்கொடுக்கவில்லை.

கடைசியாக, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத யோசனை: போய்ப் பார்த்து வருவது. சிகாகோவில் 1999ல் மறுபடி கடும் வெயில் வந்தபோது, தனியாக இருக்கும் முதியோர் வீடுகளுக்குப் போலீசாரையும் ஊழியர்களையும் நேரில் அனுப்பினார்கள். அந்த முறை இறந்தவர்கள் 110 பேர் அளவில் நின்றது. வெயிலும் 1995 அளவுக்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிலடெல்பியாவில் தெருவுக்கு ஒருவர் பொறுப்பேற்று அக்கம்பக்கத்து முதியோரைப் பார்க்கிறார். பாரிசில் முதியோர் தங்கள் பெயரைப் பதிந்துகொண்டால் வெயில் நாளில் நகராட்சியிலிருந்து போன் வரும். இதில் எதற்கும் பெரிய பணம் வேண்டாம். பெரியம்மா பிழைத்ததும் இட்லி மாவால்தான். அந்தப் பெண் சாயங்காலம் போயிருந்தால் நான் இதை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

எங்கள் சந்தில் 65 வயதுக்கு மேல் தனியாக இருப்பவர்கள் பதினொரு பேர். பங்குனி முதல் ஆனி வரை, மதியம் 2 மணிக்கும் இரவு 9 மணிக்கும் ஒருவர் போய்க் கதவைத் தட்ட வேண்டும். போன் போதாது, பேச்சு குழறுவது போனில் தெரியாது. குழறினால், நடை தள்ளாடினால், உடம்பு கொதித்தால்: உடனே நிழலுக்கு, துணியை நனைத்துப் போர்த்திக் காற்று வீசு, அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ், 108. நினைவு தப்பியவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, புரை ஏறும். காய்ச்சல் மாத்திரை இதற்குக் கேட்காது. எப்போது போனோம், எப்படி இருந்தார் என்று ஒரு நோட்டில் எழுத வேண்டும். 2024ல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. வெயிலால்தான் என்று சான்று வேண்டும். மாரடைப்பு என்று எழுதி முடித்துவிடுகிற சாவுகளுக்கு அந்த நோட்டுதான் சாட்சியாக இருக்கும்.

ஆக, நான் சங்கத்தில் வைத்த கணக்கு: சீட் கூரைகளுக்கு 1,14,000. தளம் போட்ட வீடுகளின் மொட்டை மாடிகளுக்குச் சுண்ணாம்பு வாங்க 20,000. ஐப்பசியில் மரத்துக்கும் தண்ணீருக்குமாக 30,000, இப்போதே தனிக் கணக்கில். காய்கறிக்கார அக்காக்களுக்கு நிழல் 2,000. கதவு தட்டப் போகும் இரண்டு பெண்களுக்கு நான்கு மாதத்துக்கு ஊக்கத்தொகை, ஐஸ் பெட்டி, உப்புச் சர்க்கரைப் பொட்டலம், தெர்மாமீட்டர் எல்லாம் சேர்த்து 40,000. மீதி 14,000 கையிருப்பு. பந்தலுக்கும் ஏசிக்கும் இந்த வருஷம் இல்லை. ஓட்டுக்கு விட்டதில் 31க்கு 19 என்று தேறியது.

பங்குனி பிறக்க இன்னும் ஒன்பது நாள். நான்கு வீட்டுக்காரர்களில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டாயிற்று, மூன்றாமவர் மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். நான்காமவர் திருமங்கலத்தில் இருக்கிறார். பெரியம்மாவின் வீடு அவருடையது. ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் மூன்று பேர் போகிறோம், மாசி முதல் வாரத்தில் எழுதிய தெர்மாமீட்டர் நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டு.